சொதி வைக்கும் நேரம்

குணலட்சுமி கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். இடியப்பம் பிழியத் தொடங்கினாலும் அப்படித்தான். நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவால் வளைந்து வளைந்து போகும் அந்த ஒழுங்கையில், விடியற்காலையில் கதவைத் திறக்கிற எவருக்கும் முதலில் தெரிவது அவளுடைய குசினிக்கு மேலால் எழும் புகைதான்.

மாவைக் குழைப்பது அவள். இடியப்ப உரலை அழுத்துவது கணவன் ஜெயரூபன். மண்வெட்டி பிடித்த கைக்கு உரல் ஒரு பாரமா என்று அவள் கேட்பாள். ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் வாழை கோபிக்காது, உன்ரை உரல்தான் கோபிக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் அழுத்துவான். அவித்து எடுத்த இடியப்பங்களை வாழையிலை விரித்த பெட்டியில் அடுக்கி, மேலே இன்னொரு இலையால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அவள் புறப்படுவாள்.

தொழில் தொடங்கியது தற்செயலாகத்தான். ஒரு கலியாண வீட்டில் சமைக்க வந்தவருக்குக் காய்ச்சல். காலைச் சாப்பாட்டுக்கு ஆளில்லாமல் எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, குணலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உரலைக் கேட்டாள். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் அடுத்த கிழமையே வீடு தேடி வந்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த ஒழுங்கையில் அநேகமான வீடுகளில் இடியப்ப உரல் பரணில் ஏறிவிட்டது. இடியப்பம் குணலட்சுமியிடமிருந்து வரும். தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதியும் சம்பலும் வீட்டில் செய்துகொள்வார்கள். அதுதான் வழக்கம்.

இதற்குள் சூரன் வந்து சேர்ந்தது இன்னொரு தற்செயல். கந்தசஷ்டியில் சூரன்போர் பார்க்கப் போனபோது, கோயில் வீதியில் சூரனைத் தூக்கி ஆட்டுகிற ஆரவாரத்துக்குப் பயந்து செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி நாய் அவளுடைய சேலைக் கரைக்குள் வந்து ஒளிந்தது. சனம் கலைந்த பிறகும் அது போகவில்லை. கோயிலில் சூரன் தலை விழுந்த நேரம் தன் காலடிக்கு ஒரு சூரன் வந்து சேர்ந்தான் என்று சொல்லி அதை அவள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

சூரன் வளர்ந்ததும் காலை வேலைக்குத் தானும் புறப்பட்டது. ஆனால் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிற நாயல்ல அது. இந்தப் பக்கத்து வேலிகளில் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள். அதற்குப் பொட்டு என்று பெயர். கறிவேப்பிலை கேட்கவும், பிள்ளையைத் தேடவும், ஊர்ப்புதினம் கதைக்கவும் அதால்தான் போய் வருவார்கள். சண்டை வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். குணலட்சுமி சைக்கிளை மிதித்து ஒழுங்கையின் வளைவெல்லாம் சுற்றி ஒரு வீட்டின் வாசல் படலைக்குப் போய்ச் சேரமுதல், சூரன் பொட்டுகளுக்குள்ளால் நேர்கோட்டில் போய்க் குசினி வாசலில் குந்திவிடும். குரைக்காது. வாலால் நிலத்தைக் கூட்டிக்கொண்டு இருக்கும். அவள் வந்து இடியப்பத்தைக் கொடுத்ததும், உடைந்தது ஒன்று அதற்கும் கிடைக்கும். பிறகு அடுத்த பொட்டு, அடுத்த வீடு.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு மழை நாளில்தான் எல்லாம் குழம்பியது.

பஞ்சலிங்கம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி றஞ்சிதம் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போயிருந்ததால், கைபேசியில் கேட்டுக் கேட்டுத் தனியே சமைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கடையில் ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தவருக்கு முன்னால், ஒரு கீரியைத் துரத்திக்கொண்டு சூரன் பொட்டுக்குள்ளால் பாய்ந்து வந்தது. கீரி தப்பியது. சூரனும் தப்பியது. பஞ்சலிங்கத்தின் வலக்கை மணிக்கட்டு மட்டும் தப்பவில்லை. தேங்காய் உருண்டு போய்க் குணலட்சுமியின் படலையில் இடித்து நின்றது. படலையிலேயே நின்ற அவள் தன் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

ஊரில் செம்பட்டை நாய்க்கா பஞ்சம், வேறு நாயென்று சொல்லிவிடு என்று ஜெயரூபன் சொல்லிப் பார்த்தான். கண்டதை இல்லையென்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடியது. பஞ்சலிங்கம் முறிவுக்கு மாக்கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினார். நாய்களை அடிக்கவோ பிடித்துக்கொண்டு போய் எங்காவது விடவோ நான் சொல்லவில்லை, கட்டி வளர்க்கத்தான் சொல்கிறேன் என்றார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு சந்தியிலும் தடியோடு போகவேண்டியிருக்கிறது, விசர்நாய் ஒன்று வந்து கடித்தால் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது யார் என்று கேட்டார்.

வாழைத் தோட்டக்காரன் மயூரதன் எழுந்து, நாய்களைக் கட்டினால் அடுத்த நாளே வாழைக்குலை வெட்டுகிறவன் கத்தியோடு வந்துவிடுவான் என்றான். நாய் என்பது வளவுக்குள் நிற்கிற மரமல்ல, ஓடுகிற சீவன்; கட்டிப் போட்டால் அதற்கு மூர்க்கம் பிடித்து, அவிழும் நாளில் ஆளையே கடிக்கும் என்றும் சொன்னான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த தயாளினி விடவில்லை. அவளுடைய சின்ன மகள் நாய்களுக்குப் பயந்து முன்பள்ளிக்குப் போகமாட்டேன் என்று ஒரு கிழமையாக அழுகிறாள்.

"உங்கடை வாழைக்குலைக்குக் காவல் வேணும் எண்டால் நீங்கள் போய்ப் படுங்கோ. என்ரை பிள்ளை ஏன் பயப்பிடவேணும்?"

அவள் சொன்னதில் ஞாயம் இருந்தது. அவன் சொன்னதிலும் இருந்தது. அதனால்தான் கூட்டம் ஓர் இடத்தில் நிற்காமல் இழுபட்டது. கடைசியில் பஞ்சலிங்கம் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

"சரி, ஆர் ஆருக்கு நாய் இருக்கு எண்டு கையைத் தூக்குங்கோ பாப்பம்."

ஒரு கையும் எழவில்லை. சனசமூக நிலைய வாசலிலேயே பல நாய்கள் படுத்திருந்தன. ஆனால் எல்லாம் ஊர் நாய்கள். தாங்கள் சோறு மட்டும் போடுகிறவர்கள். மயூரதன்கூட, பிறந்த நாளிலிருந்து தன் வளவில் கிடக்கும் கறுப்பனைத் தனக்குத் தெரியாது என்பதுபோல் முகட்டைப் பார்த்தான்.

"கடிச்ச நாய் ஊர் நாய். கள்ளனைத் துரத்தினால் மட்டும் நாலு வீட்டுக்காரர் எங்கடை நாய் எண்டு வருவியள்," என்றார் பஞ்சலிங்கம்.

சிரிப்பு அடங்கியபோது குணலட்சுமி எழுந்து நின்றாள். கூட்டங்களில் அவள் பேசுவதில்லை. ஒழுங்கையில் பேசுவதே போதும் என்று இருப்பவள்.

"சூரன் என்ரை நாய்தான். அண்ணையை விழுத்தினதும் அவன்தான். நாளையிலையிருந்து கட்டுறன். இனி ஒருக்கா ஒழுங்கையிலை கண்டியளெண்டால், தொண்டைமானாத்திலை இருக்கிற என்ரை தம்பியிட்டை அனுப்பிவிடுறன்."

அந்த ஊரில் ஒரு நாய்க்கு ஒருவர் பகிரங்கமாக உரிமை கோரியது அதுதான் முதல்தரம். பஞ்சலிங்கம் தலையை ஆட்டிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெயரூபன், கட்டுறன் என்றதோடு நிறுத்தியிருக்கலாம், தொண்டைமானாற்றை ஏன் இழுத்தாய் என்று கேட்டான். வாயில் வந்துவிட்டது என்றாள். அதுதான் உண்மை. தம்பி கடற்கரையில் மீன் வாடி வைத்திருக்கிறவன். மீனும் சோறுமாகச் சூரன் அங்கே கொழுத்துப் போகும். ஆனால் சூரன் இல்லாத காலையை நினைத்ததும் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவள் பேசாமல் வந்ததால் ஜெயரூபனுக்குப் பயம் பிடித்து, அவனே வாழைச் சந்தையைப் பற்றி வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் சூரனை மாமரத்தில் கட்டினாள். அது ஊளையிடவில்லை. கயிறு போகிற தூரம்வரைக்கும் போய், பொட்டுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு படுத்தது. அவளும் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தாள்.

அன்றைக்குத் தயாளினி வீட்டுப் படலை திறக்கவே நேரமானது. ஏன் இவ்வளவு வெள்ளன வந்துவிட்டீர்கள், சொதி இன்னும் அடுப்பில் ஏறவில்லை என்று தயாளினி குறைப்பட்டாள். அடுத்த வீட்டில் மயூரதன், ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய், சொதி வைத்து ஆறிப் போய்விட்டது என்றான். பஞ்சலிங்கம் வீட்டில் சொதி திரைந்துபோய்ச் சட்டியில் பால் வேறு தண்ணீர் வேறாகக் கிடந்தது. அவர் அதற்கு ஒருவரையும் குறை சொல்லவில்லை. இடக்கையால் கிண்டினதால் அப்படி வந்துவிட்டது என்றார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இதே கதைதான். ஒருவருக்கு வெள்ளன, ஒருவருக்குப் பிந்தி. அவளோ ஜெயரூபனின் கைபேசியில் மணி பார்த்து, வழக்கமான நேரத்துக்குத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒழுங்கை முழுக்க ஆறின சொதியும் அரைகுறைச் சொதியுமாகக் கிடந்தது. இடியப்பம் முன்னைப்போல இல்லை என்று யாரோ சொன்னது அவளுடைய காதுக்கும் வந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலாம் நாள் தயாளினியின் படலையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எடி பிள்ளை, முந்தியெல்லாம் நான் வரேக்கை சொதி கொதிச்சபடி நிக்கும். அப்ப எப்பிடி நேரம் பாத்தனீ?"

தயாளினி அகப்பையோடு நின்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுடைய முகம் ஒரு மாதிரிப் போனது. அவள் மணி பார்த்ததே இல்லை. சூரன் வந்து வாசலில் குந்தியதும் தேங்காய்ப் பாலை அடுப்பில் வைப்பாள். குணலட்சுமி ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர, பால் நுரைத்துவரும். இறக்கித் தேசிக்காய் பிழிந்தால் இடியப்பத்துக்குச் சரியாக இருக்கும். இத்தனை காலமும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

குணலட்சுமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தாள். பிறகு தன் வாக்கு நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்தினாள். சூரனை அவிழ்க்க முடியாது. அப்படியானால் சூரனுடைய வேலையை வேறு எதுவாவது செய்யவேண்டும்.

சைக்கிள் மணியால் பிரயோசனமில்லை. ஊரில் எல்லாச் சைக்கிளும் அதே மணிதான் அடிக்கிறது. ஆகவே மறுநாள் காலை இடியப்பப் பானையின் கனத்த மூடியையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். ஒழுங்கை வாயிலில் நின்று பலமாகத் தட்டினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். கேட்டதும் அடுப்பில் ஏற்றட்டும்.

யோசனை நல்லதுதான். ஆனால் அது மார்கழி மாதம். விடியமுன் பஜனைக் கோஷ்டி சங்கூதிச் சேமக்கலம் தட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுவாமி படத்தோடு வரும் என்பதும், அவர்களுக்காகப் பக்தியுள்ளவர்கள் குளித்துத் தோய்ந்துவிட்டுக் கற்பூரத் தட்டோடு படலையில் காத்திருப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. வழக்கமாகக் கோஷ்டி போய் முடிந்த பிறகுதான் அவள் புறப்படுவாள். அன்றைக்கு விடியப்புறத்தில் அடித்த மழையால் கோஷ்டி பிந்திவிட்டது. அதை அவள் யோசிக்கவில்லை. சேமக்கலம் என்பதும் ஒரு கனத்த தட்டு, அதைத் தட்டினால் டண் டண் என்றுதான் கேட்கும் என்பதையும் யோசிக்கவில்லை.

டண், டண், டண்.

தயாளினி நெற்றியில் திருநீறும் கையில் பூத்தட்டுமாக வெளியே ஓடிவந்தாள். மயூரதன் தலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். பஞ்சலிங்கம் தோய்ந்த தலையோடு, மாக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி, இடக்கைத் தட்டில் எரிகிற கற்பூரத்தோடு, தோளால் படலையைத் தள்ளித் திறந்தார். முன்னால் நின்றது, தட்டிக்கொண்டே அங்கு வந்துவிட்ட குணலட்சுமியும் இடியப்பப் பெட்டியும்.

கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வேலிப் பொட்டுக்குள்ளால், கடித்து அறுத்த கயிற்றை இழுத்துக்கொண்டு சூரன் வந்தது. மூடியில் எழுந்த இடியப்ப வாசமோ, தன்னை விட்டுவிட்டு வேலை நடக்கிறதே என்ற ரோசமோ, அது வந்து பஞ்சலிங்கத்துக்கு நேரே குந்திக்கொண்டு வாலால் நிலத்தைக் கூட்டியது.

"வைரவற்றை வாகனமே வந்திட்டுது. கற்பூரம் அணையமுதல் காட்டிவிடுங்கோ அண்ணை," என்றான் மயூரதன்.

தயாளினிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பூத்தட்டு ஆடியது. பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை. அவர் சூரனைக் கண்டதும் ஏதோ நினைவு வந்தவர்போல் கற்பூரத் தட்டைக் குணலட்சுமியின் கையில் திணித்துவிட்டு விறுவிறென்று குசினிப் பக்கம் நடந்தார். அரைவாசி முற்றத்தில் நின்றார். திரும்பி நாயைப் பார்த்தார். பிறகு குசினியைப் பார்த்தார்.

"என்ன அண்ணை?" என்று தயாளினி கேட்டாள்.

"தேங்காய்ப் பால் வைக்கவேணும்," என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கு விளங்கியது. "உவனைக் கண்ட உடனை எனக்கு அடுப்புத்தான் ஞாபகம் வருது."

தயாளினி தன் வீட்டுக் கதையையும் சொன்னாள். மயூரதன் தன்னுடையதையும் ஒத்துக்கொண்டான். ஒழுங்கையே சிரித்தது. குணலட்சுமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கற்பூரத் தட்டைப் படலைத் தூணோரம் வைத்துவிட்டு, சூரனின் அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தாள்.

"நான் சொன்ன சொல்லு சொல்லுத்தான் அண்ணை. பின்னேரம் தம்பியை வரச்சொல்லுறன்."

பஞ்சலிங்கம் திரும்பி வந்தார். மாக்கட்டுக் கையை ஒருதரம் பார்த்தார். அந்தக் கை இன்னும் நோகத்தான் செய்தது.

"நான் விழுந்தது உவன் வந்ததாலை இல்லைப் பிள்ளை. வாறது தெரியாததாலை. தெரிஞ்சிருந்தால் பிறேக் பிடிச்சிருப்பன்." அவளுடைய கையிலிருந்த மூடியைக் காட்டினார். "உந்தச் சத்தத்தை நீ போடாதை. உவன்ரை கழுத்திலை போடு."

தயாளினியின் பட்டியில் ஒரு ஆட்டு மணி சும்மா கிடந்தது. அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. காலைச் சுற்று முடிந்ததும் சூரன் வளவுக்குள் போய்விடவேண்டும், பள்ளிக்கூட நேரத்தில் ஒழுங்கையில் அதன் நிழல்கூடத் தெரியக்கூடாது, வருடாவருடம் விசர்நாய் ஊசி போட்ட துண்டைத் தனக்குக் காட்டவேண்டும் என்றாள். குணலட்சுமி எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். இன்னும் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

சூரனின் கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு நின்றபோது உண்மையான சேமக்கலச் சத்தம் கேட்டது. கோஷ்டி வந்துவிட்டது. பஞ்சலிங்கத்தின் தட்டில் கற்பூரம் முடிந்து கரிதான் மிச்சமிருந்தது. மயூரதன் ஒரு கட்டி கடன் கொடுத்தான்.

அதற்குப் பிறகு காலையில் அந்த ஒழுங்கையில் முதலில் மணிச் சத்தம் கேட்கும், பிறகு அடுப்புகள் பற்றும் சத்தம், பிறகு சைக்கிள். தயாளினியின் மகள் மணி கேட்டால் படிக்கட்டில் ஏறி நின்று, ஒரு துண்டு இடியப்பத்தைத் தூர இருந்தே எறிவாள். கிட்டப் போகமாட்டாள். ஆனால் முன்பள்ளிக்குப் போகிறாள். மயூரதன் கறுப்பனுக்கு ஒரு மணி கட்டி, அது தன்னுடைய நாய்தான் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிகிறான். எவருக்கும் சொந்தமில்லாத இரண்டொரு நாய்கள் இன்னமும் சந்தியில் படுத்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று சனசமூக நிலையத்தில் இன்னும் முடிவாகவில்லை. மாதம் ஒருமுறை கதைக்கிறார்கள்.

தைப்பொங்கல் முடியப் பஞ்சலிங்கம் வீட்டு வேலி பிரிக்கப்பட்டு மதில் எழும்பியது. கனடாவிலேயே இருக்கிற மகன் அனுப்பிய காசு, மகன் சொன்ன உயரம். வேலை முடிந்த மறுநாள் காலை அவர் கைபேசியைப் பிடித்து மதிலை முழுக்க றஞ்சிதத்துக்குக் காட்டினார். கடைசி மூலையில் கல்லைவிட்டு, சீமெந்தால் விளிம்பு கட்டி அழகாக ஒரு சதுரச் சந்து விட்டிருந்தது.

"உதென்ன ஓட்டை?" என்று கனடாவிலிருந்து றஞ்சிதம் கேட்டார்.

"சொதிக்கு," என்றார் பஞ்சலிங்கம்.

றஞ்சிதத்துக்கு விளங்கவில்லை. மழைத் தண்ணி ஓடவா என்று கேட்டார். இல்லையென்றதும், பாம்பு பூச்சி வரும், மேசனைக் கூப்பிட்டு உடனே அடைக்கச் சொல்லுங்கோ என்றார். பின்னால் மகனும் ஏதோ சொல்வது கேட்டது.

"நீ வந்து ரெண்டு நாள் சமைச்சுப் பார். பிறகும் அடைக்கவேணும் எண்டு சொன்னால் அடைப்பம்," என்று சொல்லிவிட்டு, பஞ்சலிங்கம் அவசரமாகக் கைபேசியை வைத்தார். வளவின் அந்தப் பக்கத்தில் மணிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.